சாவி கொடுத்தால் ஊர் ஆகிவிடாது

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, மேடைகளிலும் செய்திகளிலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழுகிறது: எத்தனை வீடு? எத்தனை முற்றாக இடிந்தன, எத்தனை பகுதியாகச் சேதமாயின, எத்தனைக்கு அடிக்கல் வைத்தாயிற்று, எத்தனைக்குச் சாவி கொடுத்தாயிற்று. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்ட அழிவில் கண்டி மாவட்டமே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. அப்படியிருக்கக் கூரையைப் பற்றிய கேள்வி முதலில் வருவது நியாயம். அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் முடிவைத்தான் நான் மறுக்கிறேன். வீட்டைக் கட்டிக் குடும்பத்தை ஏற்றிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டால் குடியேற்றம் முடிந்தது, பாதையும் தண்ணீரும் கடையும் பஸ்ஸும் தபாலும் காலப்போக்கில் தாமாக வந்து சேரும் என்பதே அந்த முடிவு. அமைச்சுகள் இப்படித்தான் திட்டமிடுகின்றன, உதவி தரும் நாடுகள் இப்படித்தான் கணக்கு வைக்கின்றன, தொழிற்சங்கங்களும் இதையே கோரிக்கையாக முன்வைக்கின்றன. வீடு கிடைத்தவர்களும் காத்திருப்பவர்களும் இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இந்த மலைகளின் இருநூறு வருட வரலாறோ இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. சிறு குடியிருப்பு ஒன்றை உயிரோடு வைத்திருப்பது அதற்குச் சாமான் போய்வரும் வழி. அந்த வழி ஒழுங்காக இருக்கும் இடத்தில் வீடு எழும்பும், நிற்கும். வழி இல்லாத இடத்தில் கட்டிய வீடு, எவ்வளவு நல்ல சீமெந்தில் கட்டியிருந்தாலும், சில வருடங்களில் கதவடைத்துக் கிடக்கும்.

கெலிஓயாவையே எடுத்துக்கொள்வோம். பேராதனைக்கும் கம்பளைக்கும் நடுவே, மகாவலியை ஒட்டிய இந்தக் கடைத்தெருவை யாரும் வரைபடம் போட்டு உருவாக்கவில்லை. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பி பயிரிட்டார். அதே பத்தாண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப்பாதை வெட்டப்பட்டது. 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தால் ஒற்றை வளைவுப் பாலம் எழுந்தது. 1867இல் ரயில் கண்டியைத் தொட்டது, 1873இல் கம்பளை வரை நீண்டது. மேலே தோட்டங்களுக்கு அரிசியும் கீழே துறைமுகத்துக்குக் கோப்பியும் இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகவே போய்வந்தன. அந்தப் போக்குவரத்து நின்று இளைப்பாறும் இடங்களிலும், மலைமேல் ஏறும் கிளைப்பாதை பிரியும் இடங்களிலும் கடை வந்தது. கடையைச் சுற்றி வீடு வந்தது, வீட்டுக்குப் பின் பள்ளிவாசலும் பாடசாலையும் வந்தன. பாதைக்கும் கடைக்கும் பின்னால் வந்தவைதான் வீடுகள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதற்கும் முந்திய காலத்தில், கண்டி அரசர்கள் சரக்குப் போக்குவரத்துக்கென்றே மடிகே பத்த என்ற தனித் துறையை வைத்திருந்தார்கள். பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி மலைக்குள் வந்த தவளங்களை நடத்தியவர்களில் பெரும்பகுதியினர் முஸ்லிம்கள். கடலிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த ஒரு மலைநாட்டுக்கு உப்பு எப்படி வருகிறது என்பது அரண்மனைக்கே கவலையாக இருந்தது. இன்றைய திட்டக் கோப்புகளில் அந்தக் கவலையைத் தேடினாலும் கிடைக்காது.

இதற்கு அழுத்தமான சான்று தோட்டங்களின் தொடக்க வரலாற்றிலேயே இருக்கிறது. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கி, வடபாதை வழியாகக் காட்டுக்குள் நடந்து தம்புள்ளை, மாத்தளை கடந்து கண்டி மலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் செத்தவர்களின் தொகையைச் சரியாக எண்ணி வைத்தவர் யாரும் இல்லை, ஆனால் அது பெருந்தொகை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவர்கள் போய்ச்சேர வேண்டிய தோட்டத்தில் லயம் இருந்தது, வேலை இருந்தது. நடுவழியில்தான் கிணறு இல்லை, தங்கும் கொட்டகை இல்லை, அரிசி கிடைக்கும் இடம் இல்லை, காய்ச்சல்காரரைப் படுக்கவைக்க ஓர் ஆஸ்பத்திரி இல்லை. பின்னாளில் அந்தப் பாதை நெடுக கிணறும் கொட்டகையும் மருத்துவ வசதியும் ஏற்படுத்தப்பட்டதே அதற்கான ஒப்புதல். கூலியைக் கொண்டுவந்து லயத்தில் அடைத்தால் போதும் என்ற கணக்கு தப்பென்று துரைமாருக்குப் பிணங்கள் காட்டிக்கொடுத்தன. வீட்டுக்குப் போகும் வழியே மனிதரைக் கொன்ற இந்த வரலாற்றின் பிள்ளைகளுக்கு, வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

பாடம் கற்றுக்கொண்ட துரைமார் அதை இன்னொரு விதமாகப் பயன்படுத்தினார்கள். தோட்டத்துக்கு அரிசி வரும் வழியைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். அரிசியைத் தோட்டமே கொடுத்தது, அதன் விலையைக் கூலியில் கழித்தது. கங்காணியிடம் பட்ட கடன் துண்டில் எழுதப்பட்டு, ஆளோடு சேர்ந்தே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறியது. தபால் தோட்டக் கந்தோருக்கு வந்தது, நோயாளி தோட்ட லொறியில் போனார், தோட்டப் பாதை தோட்டத்தின் தனிச் சொத்து. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் குடும்பம் அடைந்து கிடந்ததைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறோம், எழுதவும் வேண்டும். ஆனால் அந்த அறையைவிடக் கூடுதலாக அவர்களைக் கட்டிப்போட்டது, அறைக்கு வந்த ஒவ்வொரு படி அரிசியும் ஒவ்வொரு கடிதமும் ஒரே ஆளின் கையைக் கடந்து வர வேண்டியிருந்த ஏற்பாடு. வழி இருக்கிறதா என்ற கேள்விக்கு அடுத்து, அந்த வழி யார் பிடியில் இருக்கிறது என்ற கேள்வியும் எழ வேண்டும். வீடுகளை மட்டும் எண்ணுகிற பார்வைக்கு இந்த இரண்டாவது கேள்வி தோன்றவே தோன்றாது.

1973ஐயும் 1974ஐயும் மறந்தவர்கள்தான் வீட்டை எண்ணிக் குடியேற்றத்தை அளக்க முடியும். அந்த வருடங்களில் அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டது, மா அரிதானது. நெல்லும் அரிசியும் தனியார் கொண்டுசெல்வதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது, பாதைகளில் தடை போட்டுப் பைகளைச் சோதித்தார்கள். கிராமத்தில் இருந்தவருக்கு ஒரு துண்டு வயல், ஒரு பலாமரம், கொஞ்சம் மரவள்ளியாவது கைகொடுத்தது. தோட்டத்து லயத்தில் இருந்தவருக்கு, தேயிலைக்குள் நின்றபடி, வெளியிலிருந்து வரும் மாவைத் தவிர வேறெதுவும் இல்லை. லயங்கள் முந்திய வருடம் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருந்தன. ஒரு கூரைத் தகரம்கூடக் குறையவில்லை. ஆனாலும் 1974இல் தோட்டப்புறத்து இறப்பு வீதம் திடீரென ஏறியதை அரசாங்கப் பதிவுகளே காட்டுகின்றன. கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள் காணிச் சீர்திருத்தத்தின் பின் ஜனவசம, உசவசம என்ற அமைப்புகளின் கைக்குப் போனபோது, வேலையும் பங்கீடும் அற்றுப்போன குடும்பங்கள் டவுன்களின் தெருவோரத்துக்கு வந்தன. அவர்களை வீட்டிலிருந்து கிளப்பியது மண்சரிவோ வெள்ளமோ அல்ல. சாப்பாட்டு வழி அறுந்தது, அவ்வளவுதான். வீடு இருந்தும் ஊர் அழிந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த நாட்டில் இல்லை.

இனி இன்றைய திட்டங்களுக்கு வருவோம். மலையகத்தில் தனி வீடுகளுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்பது கடந்த பத்தாண்டின் வெற்றியாகப் பேசப்படுகிறது. லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்குச் சொந்தக் காணியும் உறுதியும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் குறைத்துப் பேசமாட்டேன். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் இந்த வழியில் திட்டமிடப்பட்டவைதான். ஆனால் 7 பேர்ச்சஸ் என்பது சுமார் 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடிக்கு வீடு, ஒரு மலசலகூடக் குழி, தண்ணீர்த் தொட்டி, மழைநீர் ஓட ஒரு காண், சரிவென்றால் முன்னும் பின்னும் தாங்கு சுவர். மிஞ்சும் துண்டில் கறிவேப்பிலையும் கொஞ்சம் கீரையும் வளரும். ஒரு குடும்பத்துக்கு அங்கிருந்து சாப்பாடு வராது. பக்கத்திலேயே மகாவலித் திட்டத்தின் கணக்கு இருக்கிறது. விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனபோது, அங்கிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் கிளப்பப்பட்டவர்களில் பலர் கிராந்துருகோட்டைப் பக்கம் குடியேற்றப்பட்டார்கள். அங்கே ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக் காணியும். 480 பேர்ச்சஸ், அதாவது இன்றைய 7 பேர்ச்சஸைப் போல ஏறக்குறைய எழுபது மடங்கு. அவ்வளவு காணி கொடுத்தும், முதல் அறுவடை வரும்வரை சாப்பாட்டுப் பங்கீடு தேவைப்பட்டது. உலக உணவுத் திட்டத்தின் உதவி அதற்குப் போனது. குக்கிராமம், கிராம நிலையம், டவுன் என்று படிப்படியாக அடுக்கி, எந்தப் படியில் கூட்டுறவுக் கடை, எந்தப் படியில் உப தபாலகம், எந்தப் படியில் பாடசாலை என்று முன்கூட்டியே இடம் குறித்தார்கள். அந்தத் திட்டத்தின் அரசியலிலும் இனக் கணக்கிலும் எனக்குக் கடுமையான எதிர்ப்பு உண்டு. ஆயினும் மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்குக்கூட வழங்கல் வழி வேண்டும் என்று ஒத்துக்கொண்ட அரசு, 7 பேர்ச்சஸ் வைத்திருப்பவருக்கு அது தானாக வரும் என்று நம்புவதை எப்படி ஏற்பது? நிலம் சுருங்கச் சுருங்க வெளியிலிருந்து வரவேண்டியது கூடும். மலையகத்துப் புதிய குடியிருப்புகள் இந்த நாட்டிலேயே வழங்கலை அதிகம் நம்பியிருக்கும் குடியிருப்புகள். அவற்றுக்குத்தான் வழங்கலைப் பற்றிய திட்டம் மிகக் குறைவு.

வீடு கட்டுவதே பெரும்பாலும் சாமான் ஏற்றும் வேலைதான் என்பதைக் கட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஒரு மூடை சீமெந்து 50 கிலோ. கெலிஓயாவிலோ கம்பளையிலோ உள்ள ஹாட்வெயாரிலிருந்து லொறியில் தார்ப்பாதை முடியும் இடம் வரை ஒரு கூலி. அங்கிருந்து கொங்கிரீட் பாதையில் ஆட்டோவிலோ லேண்ட்மாஸ்டரிலோ ஏற்ற இன்னொரு கூலி. கடைசிப் படிக்கட்டில் தோளில் வைத்துத் தூக்க மூன்றாவது கூலி. மணல் கியூப் கணக்கில் வாங்கி, பாதையோரம் கொட்டி, உரப்பையில் அள்ளி அள்ளி மேலே ஏற்றுகிறார்கள். மழை வந்தால் கொட்டிய மணலில் ஒரு பங்கு காணோடு போய்விடும். புளொக்கல் இறக்கும்போது உடைவது, நனைந்து கட்டிபட்ட சீமெந்து, கம்பி ஏற்ற முடியாமல் பாதையிலேயே வெட்டி எடுத்துப் போவது எல்லாம் இதே கணக்கில் சேரும். ஆனால் உதவித்தொகை வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகத்தான் வரும். பாதையோரத்துக் காணிக்காரருக்கு அந்தப் பணம் சுவரும் கூரையும் ஆகிறது. உச்சியில் இருப்பவருக்கு அதில் நல்ல பங்கு சுமைக்கூலியாகக் கரைந்து, ஜன்னல் நிலையோடு வேலை நின்றுவிடுகிறது. பாதியில் நிற்கும் அந்த வீட்டைப் பார்த்து, சனங்கள் காசை வேறு எதற்கோ செலவழித்துவிட்டார்கள் என்று ஏசுவது இலகு. முதலில் பாதையைப் போட்டுவிட்டு வீட்டுக்கான பணத்தைக் கொடுத்திருந்தால் அதே பணத்தில் அதே குடும்பம் வீட்டை முடித்திருக்கும். வீட்டை மட்டும் எண்ணும் கொள்கை தான் எண்ணும் வீட்டைக்கூட முடிக்கவிடாது. அதன் சொந்த அளவுகோலிலேயே அது தோற்கிறது.

அழிவுக்குப் பின் சிறு ஊர்களை எழுப்புவதைப் பற்றி நம் இளைஞர்கள் அதிகம் அறிந்திருப்பது ஒரு கணினி விளையாட்டிலிருந்துதான் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் அதை இங்கே சேர்ப்பது அவசியம். 2015இல் வெளிவந்த ஃபோல்அவுட் 4, அணுப்போர் முடிந்து 210 வருடங்கள் கழிந்த அமெரிக்காவின் பொஸ்டன் வட்டாரத்தில் நடக்கிறது. விளையாடுபவர் சிதறிக் கிடக்கும் இடங்களில் சிறு குடியிருப்புகளை அமைக்கலாம். அங்கே ஒரு குடியிருப்பின் நிலையைக் காட்டும் பட்டியலில் ஆட்கள், உணவு, தண்ணீர், மின்சாரம், பாதுகாப்பு, கட்டில், மகிழ்ச்சி என்று தனித்தனியே எண்கள் உண்டு. எத்தனை வீடு என்றொரு எண் கிடையாது. கூரைக்குக் கீழ் இருக்கும் கட்டிலுக்கு மதிப்பு உண்டு. ஆனால் மாளிகையே கட்டினாலும் தண்ணீர் குறைந்தால் சனங்களின் மகிழ்ச்சி இறங்கிவிடும். இதைவிட முக்கியமானது இன்னொன்று. ஓர் ஊரில் தண்ணீர் மிஞ்சினாலும் மரமும் இரும்பும் குவிந்திருந்தாலும், அடுத்த ஊர் அதைத் தொட முடியாது. குடியிருப்பாளர் ஒருவரைப் பொதிக்காரராக நியமித்து, இரட்டைத் தலை மாடொன்றில் பொதி ஏற்றி இரண்டு ஊர்களுக்கும் இடையே நடக்கவிட வேண்டும். அந்த வழி ஏற்பட்ட பிறகுதான் தனித்தனிக் குடிசைக் கூட்டங்கள் ஒரு வலையாகின்றன. இந்தப் பகுதி சலிப்பூட்டும் எடுபிடி வேலை என்று முறையிடும் விளையாட்டுக்காரர்கள் உண்டு. எனக்கோ அந்த விளையாட்டில் மெய்க்கு மிக நெருங்கிய பகுதி அதுதான் என்று படுகிறது. தவளம் நடத்திய மடிகே பத்தவும், வண்டிமாட்டில் அரிசி ஏற்றிய கோப்பிக்காலமும் இதே வேலையைத்தான் செய்தன.

விளையாட்டை வைத்து நாட்டை நடத்த முடியுமா என்று கேட்பது சரியே. அதில் காணிக்கு உரிமையாளர் இல்லை, தோட்ட நிர்வாகம் இல்லை, கிராம சேவகர் இல்லை. பொதிக்காரர் கூலி கேட்பதில்லை, மழைக்கு மலை சரிவதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் மறுபேச்சில்லாமல் இன்னொரு ஊருக்குக் குடிபெயர்ந்துவிடுகிறார். மனிதரை இப்படி நகர்த்தலாம் என்ற எண்ணம்தான் நிஜத்தில் மிக ஆபத்தானது. நான் அதிலிருந்து எடுப்பது ஒன்றே ஒன்று: எதை எண்ணுகிறோமோ அதைத்தான் கட்டுவோம். அந்த விளையாட்டை வடிவமைத்தவர்கள் தண்ணீரையும் உணவையும் வழியையும் எண்ண முடிவெடுத்தார்கள், ஆகவே விளையாடுபவர் அவற்றைக் கவனிக்கிறார். நம் திட்டங்கள் சாவியை எண்ணுகின்றன. டித்வாவுக்குப் பின் அரசு அறிவித்த குடும்ப உதவியில் முற்றாக இடிந்த வீட்டுக்கு 50 லட்சம் ரூபா வரை, காணியில்லாதவருக்குக் காணிக்கு 50 லட்சம் வரை என்று இரண்டு தலைப்புகள் பெரிதாகப் பேசப்பட்டன. தொகை தாராளமானதுதான். ஆனால் வாங்கும் அந்தக் காணிக்குப் பாதையும் தண்ணீரும் பஸ்ஸும் எப்படி வரும் என்பது குடும்பத்தின் தலையில் விழுகிறது. மலிவான காணி எங்கே கிடைக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. பாதை போகாத இடத்தில்தான்.

இந்த வாதத்துக்கு எழும் முதல் ஆட்சேபம் கண்ணீரோடு வருவது, ஆகவே அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துக் கிடப்பவரிடம் போய்ப் பாதை, பஸ் என்று பேசுவதா, முதலில் தலைக்கு மேல் கூரை வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும். தற்காலிகக் கூரை நாளைக்கே வேண்டும், அதை நான் ஒரு நாளும் தள்ளிப்போடச் சொல்லமாட்டேன். ஆனால் நிரந்தர வீடு தாமதமாவதற்குக் காரணம் யாரோ பாதையைப் பற்றிப் பேசியது அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது, ஆனால் போவதற்கு இடம் கொடுக்கப்படவில்லை. தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். அந்த இரண்டு வருடங்களும் சுவர் கட்டுவதில் போகவில்லை. சுவர் எழுப்ப மாதங்கள் போதும். காலம் போவது எந்த இடம் என்று முடிவெடுப்பதிலும் அந்த இடத்துக்குத் தண்ணீரும் பாதையும் கொண்டுபோவதிலும்தான். வழங்கல் வழியை முதலில் தீர்மானித்தால் இடம் விரைவில் முடிவாகும், ஏனென்றால் பாதுகாப்பான சரிவுகளில் எவை பாதைக்கும் ஊற்றுக்கும் எட்டும் தூரத்தில் உள்ளன என்று பார்த்தாலே பட்டியல் சுருங்கிவிடும். வழியைப் பற்றிக் கேட்பது வீட்டைத் தாமதமாக்காது. அதைக் கேட்காமல் விட்டதுதான் தாமதமாக்கியிருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் வியாபாரம் தெரிந்தவர்களுடையது: சனம் இருந்தால் கடை வரும், கடை வந்தால் வேன் வரும், அரசு ஏன் இதில் தலையிட வேண்டும்? இது உண்மையாக இருந்தால் தோட்டத்து லயங்களுக்கு நூற்றைம்பது வருடங்களில் வராத கடை இருந்திராது. சனம் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது, கையில் கூலியும் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் கடைத்தெரு தோட்ட எல்லைக்கு வெளியே, அரசாங்கப் பாதை ஓடும் இடத்தில்தான் நின்றது. காரணம் வியாபாரிக்கு மனமில்லாதது அல்ல. தனியார் பாதையில் பஸ் போகாது, பஸ் போகாத இடத்தில் வாடகைக்குக் கடை எடுக்க யாரும் வரமாட்டார்கள், ஏற்றுக்கூலியைச் சாமானில் வைத்தால் வாங்க ஆள் இராது. மலைமேல் ஒரு 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். சிலிண்டரின் எடையோடு சேர்த்தால் அது சுமார் 25 கிலோ. டவுனில் கொடுக்கும் விலை எல்லோருக்கும் ஒன்று, மேலே கொண்டுபோக ஆட்டோவுக்குக் கொடுப்பது தனி. வெறும் சிலிண்டரைத் திரும்ப இறக்க மறுபடி ஆட்டோ. கணக்குப் பார்த்த குடும்பம் விறகுக்கே திரும்பிவிடுகிறது. பாதை வந்த இடத்துக்குச் சந்தை தானே வரும், இதில் எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடில்லை. பாதையைச் சந்தை போட்டுத்தருவதில்லை என்பதுதான் நான் சொல்வது. கெலிஓயாவுக்கும் அதைப் போட்டது அரசுதான், அதுவும் வேறொருவரின் இலாபத்துக்காக.

மூன்றாவது வாதம் இப்போது செல்வாக்குப் பெற்று வருகிறது. மலையெங்கும் சிதறிக் கிடக்கும் சிறு குடியிருப்புகளுக்குப் பாதையும் தண்ணீரும் கொடுப்பது கட்டுபடியாகாது, எல்லோரையும் கீழே இறக்கி டவுன் ஓரத்தில் மாடி வீடுகளில் வைத்துவிட்டால் செலவு மிச்சம் என்கிறார்கள். சரியக்கூடிய மலையிலிருந்து ஆட்கள் இறங்கத்தான் வேண்டும், அதில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடம் சொல்வதற்கு எதிராக யாரும் வீடு கட்டக் கூடாது. ஆனால் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கும் சரிவை விடுவதும் மலையையே விடுவதும் ஒன்றல்ல. முதலாவது, டவுன் பாதுகாப்பானது என்ற எண்ணத்தை 2025 நவம்பர் பொய்யாக்கியது. மகாவலி கரைபுரண்டு கம்பளையிலும் கெலிஓயாவிலும் பேராதனையிலும் கீழ்நிலங்களை மூழ்கடித்தது. கடுகண்ணாவைப் பாதை அடைபட்டது, மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது, ஒரு சொட்டு வெள்ளம் புகாத வீட்டில் இருந்தவர்களும் எரிபொருளுக்கும் மாவுக்கும் தவித்தார்கள். எல்லாச் சாமானும் ஒரே பாதையில் வந்து ஒரே டவுனில் இறங்குவதுதான் அங்கே தெரிந்த பலவீனம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் குறுக்குப் பாதைகளால் இணைந்திருந்து, ஒவ்வொன்றிலும் பத்து நாளுக்குப் போதுமான மாவும் அரிசியும் மருந்தும் இருக்கும் ஒரு களஞ்சியம் இருந்திருந்தால், தூரத்துக் கிராமங்களுக்கு ஆட்கள் தோளில் சுமந்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது. இரண்டாவது, மிச்சம் என்று காட்டப்படும் செலவு மிச்சமாவதில்லை, இடம்தான் மாறுகிறது. கொழுந்து பறிக்க விடியலில் மலைக்குத் திரும்பிப் போகும் பெண்ணின் பஸ் காசாக, மாடு வளர்க்க முடியாமல் விற்றவரின் நட்டமாக, கொழும்பின் மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் அனுபவித்த மாதாந்தப் பராமரிப்புக் கட்டணமாக அது குடும்பத்தின் கணக்குக்குப் போய்விடுகிறது. அரசின் ஏட்டில் அந்த வரி இல்லாததால் அது செலவே இல்லை என்று ஆகிவிடாது.

வழங்கல், வழங்கல் என்று சொல்லிச் சனங்களைக் கையேந்த வைக்கப் பார்க்கிறீர்கள் என்று சொல்பவர்களும் உண்டு. உலர் உணவுப் பொதிகளைக் கண்டு சலித்தவர்களின் கோபம் அது, எனக்கு அது புரிகிறது. பொதி கொடுப்பவரின் படத்தோடு வரும், அவர் நிறுத்தினால் நிற்கும். நான் கேட்கும் வழி அப்படிப்பட்டதல்ல. பொதுப் பாதை, பொதுத் தண்ணீர்த் திட்டம், குடியிருப்பாளர்களே நடத்தும் கூட்டுறவுக் களஞ்சியம், கடிதம் நேராக வீட்டுக்கு வர ஒரு விலாசம், 1990 இலக்க அவசர அம்புலன்ஸ் வாசல்வரை ஏறக்கூடிய அகலம். இவற்றில் எதையும் தோட்ட நிர்வாகமோ அரசியல்வாதியோ விரும்பியபோது மூட முடியாது. மேலே வரும் சாமானோடு, கீழே போகும் சரக்கும் இதே வழியில் போகும்: பால், மரக்கறி, மிளகு, கராம்பு, தையல் வேலை. தோட்டத்துரை வைத்திருந்த அரிசி வழி ஆளைக் கட்டிப்போட்டது. தன் கையில் இருக்கும் வழி ஆளை நிமிர வைக்கும். இரண்டையும் ஒன்றென்று மயங்கி, வழியே வேண்டாம், வீடு போதும் என்று சொல்வது பழைய அடிமைத்தனத்தைப் புதிய சுவருக்குள் கொண்டுவந்து வைப்பதாகும்.

அதிகாரம் இல்லை என்ற சாக்கும் இனிச் செல்லாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவழிக்க நீண்ட காலம் தடையாகக் காட்டப்பட்டது. வரி கட்டாதவருக்குப் பாதை போட முடியாது என்ற விளக்கத்தைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே வருடம் பெருந்தோட்டப் பிராந்தியத்தில் புதிய கிராமங்களுக்கென்று தனி அதிகார சபையும் சட்டமாக்கப்பட்டது. ஆகவே உடுநுவரையோ உடபலாத்தையோ எந்தப் பிரதேச சபையாக இருந்தாலும், வரும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒவ்வொரு புதிய குடியிருப்புக்கும் பாதை எத்தனை மீற்றர், எந்த ஊற்றிலிருந்து தண்ணீர், எந்த நேரத்துக்கு பஸ், களஞ்சியம் எங்கே என்று வீட்டுத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பத்திகள் வெறுமையாக இருக்கும் இடத்தில் அடிக்கல் வைக்க வரும் அமைச்சரிடம், கல்லை வைப்பதற்கு முன் அவற்றை நிரப்பச் சொல்ல வேண்டியவர்கள் அங்கே குடியேறப்போகும் குடும்பங்களும், அவர்களின் பெயரில் பேசும் சங்கங்களும்.